18 சதவீதத்தைக் கழித்தால் பழைய விலை ஏன் வருவதில்லை?

விண்டோஸ் கால்குலேட்டரில் % என்று ஒரு பட்டன் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மிகவும் பயனுள்ள பட்டன்தான். ஆனால் ஒரு இடத்தில் நம்மைக் குழப்பிவிடும்.

காரைக்கால் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊர் போலகத்தில், பக்கத்து வீட்டு மாமா புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஜிஎஸ்டி 18 சதவீதம் உட்பட விலை 47,200 ரூபாய். வரிக்கு முந்தைய விலை 40,000 என்று பில்லில் இருந்தது. மாமா கால்குலேட்டரில் 47200 - 18 % = எனத் தட்டினார். 38,704 வந்தது. "1,296 ரூபாய் கூடப் போட்டுட்டாங்க தம்பி" என்று கடைக்குச் சண்டைக்குக் கிளம்பியவர், பில்லை என்னிடம் காட்டினார். நான் மென்பொருள் பொறியாளர் அல்லவா!

கடைக்காரர் கணக்கு சரிதான். வரி போடப்பட்டது 40,000-க்கு. அதில் 18 சதவீதம் 7,200. கால்குலேட்டர் கணக்கிட்டதோ 47,200-க்கு. அதில் 18 சதவீதம் 8,496. வித்தியாசம்தான் அந்த 1,296. எனவே சதவீதம் என்றாலே, "எதில் இத்தனை சதவீதம்?" என்று முதலில் கேளுங்கள்.

வரியை நீக்கிப் பார்க்கும் வழி எளிது. 100 ரூபாய்ப் பொருள் வரியோடு 118 ஆகிறது. ஆகவே மொத்த விலையை 1.18 ஆல் வகுக்க வேண்டும்.

எக்ஸெலில் (இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் என்றாலும் சரி) ஒரு செல்லில் 47200 என டைப் செய்யவும். பக்கத்து செல்லில் = தட்டி, விலை உள்ள செல்லில் மவுஸால் க்ளிக் செய்து, /1.18 என டைப் செய்து எண்டர் தட்டவும். 40000 கிடைக்கும்.

பில்லில் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று இரண்டு வரி இருந்தால் பயப்பட வேண்டாம். இரண்டும் சேர்ந்ததே 18. நாங்கள் புதுச்சேரி யூனியன் பிரதேசம். பக்கத்திலுள்ள நாகப்பட்டினம் தமிழ்நாடு. 2017 ஜூலை 1-க்கு முன் இரண்டு அரசுகளும் தனித்தனியாக வாட் விகிதம் வைத்திருந்தன. இப்போது இரு பக்கமும் ஒரே விகிதம். தமிழ்நாட்டுக் கடையிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தால், ஐஜிஎஸ்டி 18 என்று ஒரே வரியாக இருக்கும்.

இன்னொரு கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலை எண்ணெய் ஆகியவற்றுக்கு வரி 18-லிருந்து 5 ஆனது. விலை 13 சதவீதம் குறைய வேண்டுமா? இல்லை. 118 ரூபாய்ப் பொருள் 105 ஆகும். 13-ஐ 118 ஆல் வகுத்தால் சுமார் 11 சதவீதம்தான். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு வரி 28-லிருந்து 18 ஆனது. 128 ரூபாய் 118 ஆகிறது, குறைவு 7.8 சதவீதம்.

வீட்டில் உள்ள ஒரு பில்லை எடுத்து இன்றே கணக்குப் போட்டுப் பாருங்களேன்!