போர்ட்ரெய்ட் எடுக்க போன் போதும்... பழக ஆள் வேணும்!

போனில் போர்ட்ரெய்ட் மோடு பின்னணியை மங்கலாக்கும், அவ்வளவுதான். முகத்தில் இருக்கும் கூச்சத்தை அதனால் போக்க முடியாது.

மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எம்.பழனிக்குமார், மீனவர், தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டோகிராபி சொல்லித் தருகிறார். 2022-ல் முதல் தயானிதா சிங் - பாரி விருதை வாங்கியவர். அந்தப் பிள்ளைகள் பக்கத்து வீட்டு அக்காவைப் படமெடுத்தால், வெளியாளைப் பார்த்ததும் வருகிற விறைப்பு இருக்காது. லட்ச ரூபாய் கேமராவுக்கும் கிடைக்காத சலுகை இது!

உங்க தெருப் பிள்ளைகளுக்கு நீங்களே ஒரு ஞாயிறு சொல்லித்தரலாம். மூணு பேருக்கு ஒரு போன் போதும். பாட்டியை வாசல் ஓரமா, நேர் வெயில் படாத இடத்தில் உட்கார வைங்க. முதல்ல கொஞ்ச நேரம் பேச்சுதான், போன் பையிலேயே இருக்கட்டும். பிறகு முகத்தை மெதுவாக வெளிச்சத்தின் பக்கம் திருப்பச் சொல்லுங்க. மூக்கின் நிழல் நகர்வதைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் பாதிப் பாடம் புரிந்துவிடும். கிட்டப் போனால் மூக்கு பெரிசாத் தெரியும். ரெண்டடி தள்ளி நின்று 2எக்ஸ் வைக்கணும். திரையில் கண்ணைத் தொட்டால் ஃபோகஸ் அங்கே நிற்கும்.

எது நல்ல படம்னு நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க, பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். ஆனா, பாட்டி வேண்டாம்னு சொன்னா டெலீட்தான்!