இடைவழி ஓய்வும் முதல் வகுப்புக் கூடமும்

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ இடைநில்லா விமானச் சேவை இல்லாமையால், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழ்ந்துகொண்டு கடல் கடந்த பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் ஒவ்வொருவரும் ஃபிராங்க்ஃபர்ட், லண்டன், துபாய், தோஹா, சிங்கப்பூர் போன்ற ஏதேனும் ஓர் ஊரில் இறங்கி, சில மணி நேரம் காத்திருந்து, வேறொரு விமானத்தில் ஏறியாக வேண்டும். இவ்வாறு பயணிகளை ஒன்றுதிரட்டிப் பல திசைகளுக்கும் பிரித்தனுப்பும் ஊரை விமானத் துறையினர் மைய நிலையம் என்பர்; முதல் விமானத்துக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காத்திருப்பே டிரான்சிட் எனப்படுகிறது. அந்தக் காத்திருப்பில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதை விமான நிறுவனங்களின் முதல் வகுப்பு லவுஞ்சைப் போலத் துல்லியமாகக் காட்டும் இடம் வேறில்லை.

இக்காத்திருப்பின் கடுமை சென்னையிலேயே தொடங்கிவிடுகிறது. மேற்கு நோக்கிய விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின்னரே மீனம்பாக்கத்தை விட்டுக் கிளம்புவதற்கு ஐரோப்பாவின் கால அட்டவணையே முதற்காரணம். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பகலில் புறப்படும் விமானம் நள்ளிரவை ஒட்டிச் சென்னைக்கு வந்து, ஓரிரு மணி நேரத்தில் திரும்பிவிட்டால்தான், வட அமெரிக்க விமானங்கள் வரிசையாகக் கிளம்பும் காலை வேளைக்கு அங்கே போய்ச் சேர முடியும். ஃபிராங்க்ஃபர்ட் நிலையத்தில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை திட்டமிட்ட விமானங்கள் இயங்குவதற்கு 2011 முதல் தடையும் நடைமுறையில் உள்ளது. ஆகவே, முன்னிரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிண்டி வழியாக விமான நிலையம் சேர்ந்த எழுபது வயதுத் தம்பதியர் தூக்கமில்லாத ஓர் இரவைக் கடந்தே மைய நிலையத்தில் இறங்குகின்றனர், அதன் பிறகும் எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் அவர்களுக்கு மிஞ்சியிருக்கிறது. இந்நிலையில் கால் நீட்டிப் படுக்க ஓர் இடமும் குளிக்க வெந்நீரும் சூடான சோறும் ஆடம்பரத்தில் சேரா.

லவுஞ்ச் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஓய்வுக்கூடங்கள் ஒரே தரத்தவை அல்ல. வங்கி அட்டையைக் காட்டி நுழையும் பொதுக்கூடம் ஒரு வகை. விமான நிறுவனம் தன் வணிக வகுப்புப் பயணிகளுக்கும் அடிக்கடி பறப்போருக்கும் நடத்தும் கூடம் இன்னொரு வகை. முதல் வகுப்புச் சீட்டு வைத்திருப்போருக்கு மட்டுமே கதவு திறக்கும் கூடம் மூன்றாவது. முதலிரண்டிலும் பயணி தட்டேந்தி உணவை எடுத்துக்கொள்ள, மூன்றாவதில் பணியாளர் மேசைக்கு வந்து கேட்டுச் சமைத்துக் கொடுக்கிறார். மற்றக் கூடங்களில் நேரத்தைப் பயணியே கவனித்துக்கொள்ள வேண்டியிருக்க, இங்கே விமானம் ஏறும் வேளையை நேரில் வந்து சொல்வதும், சில ஊர்களில் விமானத்தின் வாயில் வரை உடன் செல்வதும் பணியாளரின் கடமை. பூங்காவைப் பார்த்த சன்னலும் விலையுயர்ந்த நாற்காலியும் எங்கும் கிடைக்கக்கூடியவை. ஒருவர் நம்மை நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்ற நிம்மதிக்கே முதல் வகுப்புப் பயணி உண்மையில் பணம் கொடுக்கிறார்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கம் 1939. அவ்வாண்டில் நியூயார்க்கின் லகார்டியா நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் திறந்த அட்மிரல்ஸ் கிளப், அழைக்கப்பட்ட சிலருக்கென நடத்தப்பட்ட தனிக்கூடமாக இருந்தது. இன்று அதன் வழித்தோன்றல்களில் மிகவும் பேசப்படுவது, லுஃப்தான்சா நிறுவனம் 2004இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் திறந்த முதல் வகுப்பு முனையம். அது ஒரு கூடமன்று, தனிக் கட்டடம். பாதுகாப்புச் சோதனையும் கடவுச்சீட்டுச் சோதனையும் அதனுள்ளேயே நடைபெறுகின்றன. உணவகம், குளியல் தொட்டியுள்ள அறைகள், படுக்கை ஆகியவற்றுக்குப் பிறகு, புறப்படும் வேளையில் பயணியைக் காரில் ஏற்றி விமானத்தின் படிக்கட்டுக்கே கொண்டுபோய் விடுகின்றனர்.

ஆனால் சென்னைப் பயணி அறிந்திருக்க வேண்டிய செய்தி வேறு. அந்தக் கட்டடம் பிரதான முனையத்துக்கு வெளியே இருப்பதால், இணைப்பு விமானத்துக்காக இறங்குகிறவர் ஜெர்மனிக்குள் முறைப்படி நுழைந்த பின்னரே அதை அடைய முடியும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அதற்கென ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான நுழைவு அனுமதி, தேவைப்படுகிறது. அது இல்லாதவர் முனையத்தின் உள்ளேயே இருக்கும் வேறு முதல் வகுப்புக் கூடங்களோடு நிறைவடைய வேண்டும். அவையும் வசதியானவையே என்றாலும், ஒரே விலை கொடுத்து ஒரே இருக்கை வாங்கிய இருவரில் ஒருவரைக் கதவுக்கு உள்ளேயும் மற்றவரை வெளியேயும் நிறுத்துவது கடவுச்சீட்டின் நிறம் என்பது, பயண வகுப்புகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விடும் உண்மையாகும்.

வளைகுடா நிலையங்களிலும் சிங்கப்பூரிலும் இச்சிக்கல் இல்லை. அங்கே கூடங்கள் எல்லைச் சோதனைக்கு உட்புறமாகவே அமைந்துள்ளன. துபாயில் 2013இல் திறக்கப்பட்ட ஏ பகுதியில் முதல் வகுப்புக்கென ஒரு தளமே ஒதுக்கப்பட்டிருப்பதால், பயணி பொதுக்கூட்டத்தோடு கலவாமல் அங்கிருந்தே விமானத்துக்குள் செல்கிறார். தோஹாவின் அல் சஃப்வா கூடம், அந்நகரின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தைப் பின்பற்றி வடிவமைக்கப்பட்டு, பழங்கலைப் பொருட்களையும் உறங்கும் அறைகளையும் ஒருங்கே கொண்டது. சிங்கப்பூரின் சாங்கி மூன்றாம் முனையத்தில் பிரைவேட் ரூம் என்ற பெயரில், முதல் வகுப்புக் கூடத்துக்கும் உள்ளே இன்னோர் அறை இருக்கிறது. சென்னைக்கு வந்துபோகும் நடுத்தர விமானங்கள் பலவற்றில் முதல் வகுப்பே கிடையாது என்பதால், சென்னைக்காரர் முதற்பகுதியை வணிக வகுப்பிலோ சாதாரண வகுப்பிலோ கடந்து, இரண்டாம் பகுதியின் சீட்டைக் கொண்டே இந்த அறைகளுக்குள் நுழைகிறார். எனவே பயணச்சீட்டு வாங்கும்போதே, நுழைவுரிமை எந்த விமானத்தின் வகுப்பைப் பொறுத்தது, இரண்டும் ஒரே நாளில் அமைய வேண்டுமா என்பவற்றைக் கேட்டறிவது நன்று.

இவ்வாறு நுழைகிறவர் அனைவரும் செல்வந்தர் என்று கருதுவது தவறு. அடிக்கடி பறக்கும் மகனோ மகளோ ஆண்டுக்கணக்கில் சேர்த்த மைல் புள்ளிகளை, அதாவது பறந்த தொலைவுக்கும் அட்டைச் செலவுக்கும் ஈடாக நிறுவனங்கள் வரவு வைக்கும் மதிப்புகளை, பெற்றோரின் சீட்டாக மாற்றித் தருவது இப்போது தென்சென்னைக் குடும்பங்களில் பழகிப்போன ஏற்பாடு. புள்ளிகள் ஒருவருக்கு மட்டுமே போதுமாயிருக்கும்போது, 1997இல் உருவான ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியின் விதி உதவுகிறது: முதல் வகுப்புப் பயணி தம்முடன் ஒரு விருந்தினரை அழைத்துச் செல்லலாம், வணிக வகுப்புப் பயணிக்கு அவ்வுரிமை இல்லை. அப்பா முன்வரிசையிலும் அம்மா பின்வரிசையிலும் பறந்தாலும், இடையில் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண இவ்விதி வழிசெய்கிறது.

உண்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஏ.வி.எம்.எல். என்ற குறியீட்டால் விமானத்துக்குள் சைவ உணவை முன்பதிவு செய்திருந்தாலும், அப்பதிவு கூடத்தின் சமையலறையைச் சென்றடைவதில்லை. அங்கே வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். வெங்காயம், பூண்டு சேர்க்காத சோறும் தயிரும் வேண்டுமென்று கேட்பதற்கு மயிலாப்பூர்ப் பாட்டி கூச்சப்படத் தேவையில்லை, கேட்டதைச் சமைப்பதற்கென்றே அந்தச் சமையலறை இயங்குகிறது. சக்கர நாற்காலி உதவி பெறுவோரும் தம் லவுஞ்ச் உரிமையை உதவியாளரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும், இல்லையேல் அவர் நேரே புறப்பாட்டு வாயிலுக்கே தள்ளிச் சென்றுவிடக்கூடும்.

இந்திய நிலையங்களில் நிலைமை தலைகீழாக இருந்தது. வங்கிகள் இரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டு சாதாரண டெபிட் அட்டைக்கே கதவைத் திறந்துவிட்டதால், பொதுக்கூடங்களுக்கு வெளியே வரிசைகள் நீண்டன. பிறகு, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2024 ஏப்ரல் முதல் தன் பல அட்டைகளுக்கு, முந்தைய காலாண்டில் ரூ.35,000 செலவழித்திருந்தால்தான் நுழைவு என்று விதித்தது போல, வங்கிகள் ஒவ்வொன்றாக வாயிலைக் குறுக்கின. ஓய்வு தேவைப்படுவோர் யார் என்ற கேள்வி இந்த விதிகள் எதிலும் எழவேயில்லை.

தமிழகத்தில் அக்கேள்வி முன்பே எழுப்பப்பட்டு விடையும் காணப்பட்டிருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் கட்டிய சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம், வழிப்போக்கர்க்குச் சோறு இட்டதோடு நில்லாமல், நோயுற்றோருக்கு மருத்துவமும் வழியில் பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பேறுகாலப் பராமரிப்பும் அங்கே தரப்பட்டதைத் தெரிவிக்கிறது. அவற்றிலும் சாதி வேற்றுமைகள் இருந்தன என்பதை மறைக்கலாகாது. ஆயினும் ஓய்வுக்குரிய தகுதி பயணியின் களைப்பே என்ற எண்ணம் அவற்றின் அடிப்படையாக இருந்தது. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே சவலை இராமசாமி முதலியார் எழுப்பிய சத்திரமும் இரயில் பயணிகளுக்காக அதே எண்ணத்தில் பிறந்ததுதான். எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் இரயில் பிடித்துக் கொழும்பு சென்ற போட் மெயில் பயணிகள், 1914 முதல் 1964 புயல் வரை, இன்றைய இணைப்புப் பயணத்தை ஒரே சீட்டில் நடத்திக் காட்டினர்.

முதல் வகுப்புக் கூடங்கள் இருப்பதில் குறையொன்றும் இல்லை. விலை கொடுப்போர் கூடுதல் கவனிப்பைப் பெறுவது வணிகத்தின் இயல்பு. அவற்றுக்கு வெளியே ஒன்றுமே இல்லாதிருப்பதுதான் குறை. எல்லா ஊர்களும் அப்படியல்ல. சாங்கி மூன்றாம் முனையத்தில் சாய்ந்து உறங்கும் இருக்கைகள் கொண்ட பகுதி எவருக்கும் இலவசம். தோஹாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அமைதி அறைகள் உள்ளன. சீட்டு வைத்திருப்போர் குறைந்த கட்டணத்தில் தங்கும் ஓய்வறைகளை நம் இரயில் நிலையங்கள் நெடுங்காலமாக நடத்திவருகின்றன. ரூ.1,260 கோடியில் கட்டப்பட்டு 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட சென்னையின் புதிய பன்னாட்டு முனையத்தில், மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்து பின்னிரவு விமானத்துக்காகக் காத்திருக்கும் முதியவர்களுக்கு, படுக்கும் வசதியுள்ள பொது ஓய்விடம் விரிவாக அமைய வேண்டும். பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் எழுமானால், கடைகளுக்கும் அட்டைக் கூடங்களுக்கும் பரப்பளவு ஒதுக்குவதற்கு முன்பாகவே, போர்டிங் பாஸ் ஒன்றை மட்டும் காட்டி எவரும் நுழையக்கூடிய உறங்குமிடத்துக்கும் குளியலறைகளுக்கும் அதன் வரைபடத்தில் இடம் குறிக்கப்பட வேண்டும்.