ஒரு பதக்கம், மூன்று தேதிகள்: மானெக்‌ஷா பெற்ற மிலிட்டரி கிராஸ்

புதுதில்லி: பர்மாவின் சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே 1942 பிப்ரவரி 22-ஆம் தேதி, குன்று ஒன்றை மீட்க எதிர்த்தாக்குதல் நடத்திக்கொண்டிருந்த இளம் கேப்டன் ஒருவரின் உடலை ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்தன. பாய்ந்தவை ஏழு குண்டுகள் என்பாரும் உண்டு. ஒன்பது என்பாரும் உண்டு. அவர் பிழைக்கமாட்டார் என்று கருதிய உயர் அதிகாரி டேவிட் கோவன், தமது மார்பில் இருந்த மிலிட்டரி கிராஸ் பதக்க நாடாவைக் கழற்றி அவரது சட்டையில் குத்தினார் என்பது இந்திய ராணுவத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் கதை.

அந்தக் கேப்டன்தான் சாம் மானெக்‌ஷா. 1971 போரில் ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்து வெற்றி தேடித் தந்தவர்; 1973 ஜனவரியில் நாட்டின் முதல் ஃபீல்டு மார்ஷல் ஆனவர்; நீலகிரியைத் தமது இருப்பிடமாக்கிக்கொண்டு 2008 ஜூன் 27-ஆம் தேதி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானவர். 2023 டிசம்பரில் அவரைப் பற்றிய இந்தித் திரைப்படம் வெளிவந்த பிறகு சிட்டாங் கதை புதிய தலைமுறையினரிடமும் பரவியது.

ஆனால், அந்தப் பதக்கம் அவருக்கு எப்போது வழங்கப்பட்டது என்று தேடுபவருக்குக் கிடைப்பது ஒரு தேதி அல்ல. போர்க்களத்தில் நாடா குத்தப்பட்டதாகச் சொல்லப்படும் பிப்ரவரி 22 ஒன்று. ஏப்ரல் 21 என்று குறிப்பவர்கள் உண்டு. ஏப்ரல் 23 என்பாரும் உண்டு. மூன்றுக்கும் அடிப்படை இருக்கிறது என்பதுதான் வியப்பு.

பின்னிரண்டு தேதிகளின் முடிச்சு எளிதில் அவிழக்கூடியது. பிரிட்டிஷ் அரசின் விருதுகள் லண்டன் கெஜட் என்னும் அரசிதழில் அறிவிக்கப்பட்டால்தான் அதிகாரபூர்வமாகும். அவ்விதழ் அக்காலத்தில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளிவந்தது. இடைப்பட்ட நாள்களில் அறிவிக்க வேண்டியவை முந்தைய இதழின் துணைப் பதிப்பாக அச்சாகும். மானெக்‌ஷாவுக்கு மிலிட்டரி கிராஸ் அறிவிக்கப்பட்டது 35532-ஆம் எண்ணுள்ள துணைப் பதிப்பில். ஏப்ரல் 21, செவ்வாய்க்கிழமை இதழுக்கான துணைப் பதிப்பு அது. வெளியானதோ 23-ஆம் தேதி வியாழக்கிழமை. முதல் வரியை மட்டும் பார்த்தவர் 21 என்று எழுதினார். கீழே பார்த்தவர் 23 என்று எழுதினார். ஒரே தாளில் இரண்டு தேதிகள் என்பதால் இருவரும் பொய் சொல்லவில்லை.

பிப்ரவரி 22-தான் சிக்கலானது. பதக்கத்துக்குக் காரணமான வீரச்செயல் நடந்த நாள் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் களத்தில் ஓர் அதிகாரி தம்முடைய நாடாவை இன்னொருவருக்குக் குத்துவது சட்டப்படி விருது வழங்குவதாகாது, அது மரியாதை. அதற்கு அப்பால், பட்டாலியன் தளபதி தொடங்கி பிரிகேடு, டிவிஷன், ராணுவத் தலைமை என்று படிப்படியாகக் கையொப்பம் பெற்றுச் செல்லும் பரிந்துரைப் படிவம் ஒன்று தேவை. அத்தகைய படிவங்கள் லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தனித் தொகுதியாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. யார் எந்த நாளில் கையொப்பமிட்டார் என்பதை அவற்றிலிருந்து அறியலாம்.

கதையில் திருத்த வேண்டிய இடம் ஒன்றும் உண்டு. நாடா குத்தியவர் 17-ஆவது இந்திய டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் கோவன் என்றே பல நூல்கள் எழுதுகின்றன. அன்றைய தினம் அந்த டிவிஷனின் தளபதி ஜான் ஸ்மித். முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்றவர். கோவன் அவருக்குக் கீழே பிரிகேடியர். பிப்ரவரி 23 அதிகாலையில், இரண்டு பிரிகேடுகள் இன்னும் எதிர்க்கரையில் இருக்கும்போதே சிட்டாங் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தப் பேரிழப்புக்குப் பின் ஸ்மித் பதவி இழக்க, மார்ச் முதல் வாரத்தில்தான் கோவன் தளபதி ஆனார். இதனால் நாடா குத்திய சம்பவமே பொய்யென்று ஆகிவிடாது. பின்னாளில் கிடைத்த பதவியை முன்தேதியிட்டு ஒட்டிவிட்டார்கள். வாய்மொழி வரலாற்றில் இது வழக்கமாக நேர்வதுதான்.

இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் கிடைக்காது என்பதால்தான் கோவன் அவசரப்பட்டார் என்று கதை காரணமும் சொல்கிறது. விதி உண்மை. விக்டோரியா கிராஸ் போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான பிரிட்டிஷ் வீரப்பதக்கங்களை மரணத்துக்குப் பின் வழங்கும் வழக்கம் 1979 வரை இல்லை. ஆனால், உயிரோடு இருக்கும்போதே பரிந்துரை புறப்பட்டுவிட்டால், அரசிதழ் அறிவிப்பு தாமதமாக வந்தாலும் விருது செல்லும். ஆகவே, மார்பில் குத்தப்பட்ட நாடாவைவிட மேலே அனுப்பப்பட்ட காகிதத்துக்கே வலிமை அதிகம்.

இந்த நுட்பம் தெரியாவிட்டால் வேறு வரலாறுகளும் குழம்பும். கொல்கத்தாவில் பிறந்த விமானி இந்திரலால் ராய் 1918 ஜூலை 6 முதல் 19 வரையிலான இரு வாரங்களுக்குள் பத்து எதிரி விமானங்களை வீழ்த்தி, 22-ஆம் தேதி பிரான்ஸ் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 19. டிஸ்டிங்குவிஷ்டு ஃபிளையிங் கிராஸ் அவருக்கு அறிவிக்கப்பட்டது செப்டம்பர் 21-ஆம் தேதி. அரசிதழ்த் தேதியை மட்டும் பார்ப்பவர், இறந்தபின் சாதனை புரிந்தவராக அவரைக் காட்டிவிடக்கூடும்!

மானெக்‌ஷா விஷயத்தில் காகிதம் வியக்கத்தக்க வேகத்தில் நகர்ந்திருக்கிறது. சிட்டாங்கிலிருந்து மீண்ட டிவிஷனில் எஞ்சியவர்கள் சுமார் 3,500 காலாட்படையினர். அவர்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் 1,400-சொச்சம். மார்ச் 8-ஆம் தேதி ரங்கூன் வீழ்ந்தது. பின்வாங்கிக்கொண்டிருந்த அந்தப் படையிலிருந்து பரிந்துரை லண்டன் சேர்ந்து, சம்பவம் நடந்த 60-ஆவது நாளில் அச்சாகிவிட்டது.

தேதிக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி என்று கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. 1950 ஜனவரி 26-ஆம் தேதிக்குப் பிறகு, அயல்நாட்டு அரசு தரும் பட்டத்தை இந்தியக் குடிமகன் ஏற்பதை அரசியல் சாசனத்தின் 18-ஆவது பிரிவு தடுக்கிறது. அரசுப் பதவியில் இருப்பவர் அயல்நாட்டிலிருந்து பரிசோ ஊதியமோ பெறவும் குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும். பட்டம் வேறு, விருது வேறு என்று பத்ம விருதுகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் தெளிவுபடுத்தியது. ஆக, அயல்நாட்டுப் பதக்கம் எந்தத் தேதியில் பெறப்பட்டது என்பதே அதை எந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. மானெக்‌ஷாவின் பதக்கம் குடியரசின் பார்வையில் அயல்நாட்டினுடையது. அதைப் பெற்றபோது அவர் அணிந்திருந்ததோ அதே அயல்நாட்டு மன்னரின் சீருடை. விடுதலைக்கு முந்தைய சில வீரப்பதக்கங்களுக்கும் மத்திய அரசு மாதாந்திரத் தொகை வழங்கி வந்திருக்கிறது. அதைக் கோரும் குடும்பங்களுக்குப் பெட்டியில் இருக்கும் வெள்ளிப் பதக்கம் மட்டும் போதாது. அறிவிக்கையின் எண்ணும் தேதியும் வேண்டும்.

அந்த எண்ணையும் தேதியையும் இன்று வீட்டிலிருந்தபடியே லண்டன் கெஜட்டின் இணையத் தொகுப்பில் கட்டணமின்றிப் பார்க்கலாம். தில்லியில் இதற்கு இணையான வசதியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பாதுகாப்புத் துறை அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கிறது; 1870-ல் தொடங்கப்பட்ட யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிட்யூஷனில் நல்ல ராணுவ நூலகம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் நாட்குறிப்புகளை இங்கு ஆராய முடிகிறது. விடுதலைக்குப் பிந்தைய போர்கள் என்றால்தான் கதவு சாத்திக்கொள்கிறது. 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் ஒரு பகுதியை 2014-ல் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் வெளியிட்டார். அதை வெளியிடும் துணிவு ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சிக்கும் இருந்ததில்லை.

2021 ஜூன் மாதம் பாதுகாப்புத் துறை அமைச்சகம் புதிய கொள்கை ஒன்றை அறிவித்தது. படைப் பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள், கடிதங்கள் ஆகியவற்றை வரலாற்றுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், பொதுவாக 25 ஆண்டுகளில் அவற்றின் ரகசியத்தன்மையை நீக்க வேண்டும் என்பது அதன் சாரம். அனுப்புவதற்கு ஆவணம் இருந்தால்தானே? 1971 வங்கதேசப் போர் தொடர்பாகக் கொல்கத்தா கிழக்குப் பிராந்தியத் தலைமையகத்தில் இருந்த ஆவணங்கள், போர் முடிந்த சிறிது காலத்திலேயே அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-ல் செய்திகள் வெளியாயின. அந்தப் போரை நடத்திய ராணுவத் தலைமைத் தளபதியின் பெயர், 29 ஆண்டுகளுக்கு முன்பு அச்சான 35532-ஆம் எண் துணைப் பதிப்பில் இன்றும் அழியாமல் இருக்கிறது.