சதுர வாய், வட்டக் குழாய்

மேலே சதுர வாய், கீழே வட்டக் குழாய்: இரண்டையும் இணைக்கும் தகரப் புனலைத் தானியத் தொட்டிகளின் அடியில் காணலாம். கணினியில் சதுரத்தையும் வட்டத்தையும் வரைந்து 'லாஃப்ட்' கட்டளை கொடுத்தால் வடிவம் உடனே வந்துவிடும். தட்டையாக விரிக்கச் சொன்னால்தான் சிக்கல். வெட்டே இல்லாத புனல் எப்படி விரியும்? எனவே இரு கோட்டுருவங்களிலும் ஒரே பக்கத்தில் சிறு இடைவெளி விட வேண்டும். சதுரத்தின் கூர்முனைகளையும் சற்றே வளைத்துக்கொள்ள வேண்டும்.

புனலுக்குள் இருப்பவை நான்கு தட்டை முக்கோணங்களும் நான்கு கூம்புத் துண்டுகளும்தான். சதுரப் பக்கம் 20 செ.மீ., வட்ட ஆரம் 5 செ.மீ., உயரம் 12 செ.மீ., மையங்கள் நேருக்கு நேர் என்று கொள்வோம். முக்கோணத்தின் உயரம் என்ன? பல மாணவர்கள் 12 என்பார்கள். திருத்தாதீர்கள், அட்டையில் வெட்டி ஒட்டட்டும். புனலின் உயரம் 11 செ.மீ. கூட வராது. பக்கத்தின் நடுப்புள்ளிக்கும் வட்டத்துக்கும் கிடைத்தூரம் 5 செ.மீ. அல்லவா? பிதாகரஸ் தேற்றப்படி சாய்வு 13. மூலையிலிருந்து கால்வட்ட முனைக்கு √269, அதாவது சுமார் 16.4 செ.மீ.; கால்வட்ட நடுவுக்கு 15.1 செ.மீ.

திரையில் விரியும் படத்திலும் இதே அளவுகள் ஏறத்தாழ வருகின்றனவா என்று மாணவர்களே அளந்து பார்க்கட்டும். இணைப்பு, தட்டை முக்கோணத்தின் நடுவில் அமைந்தால் ரிவெட் அடிப்பது எளிது.