ஈறு அறுவை சிகிச்சை: எந்தப் பல்லுக்கு எது?

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது, வலி இல்லை. அதனாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. பல் ஆடத் தொடங்கிய பிறகு மருத்துவரிடம் போனால் ஃப்ளாப், எலும்புத்தூள், லேசர் என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. இவற்றில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, பல்லைச் சுற்றி எலும்பு எப்படிக் கரைந்திருக்கிறது என்று கேட்பதே பயன் தரும். அறுவை முறையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

முதலில் ஸ்கேலிங்

ஆரோக்கியமான ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. வரை சிறு இடைவெளி இருக்கும். கிருமிப் படலமும் காரையும் சேர்ந்து, எலும்பு கரையக் கரைய அது ஆழமாகி 'பாக்கெட்' ஆகிறது. காரையை அகற்றும் ஸ்கேலிங் செய்து வேரைச் சுத்தப்படுத்தினாலே பலருக்கு நோய் அடங்கிவிடும். ஸ்கேலிங் பல்லை ஆட வைக்கும் என்ற பயம் வேண்டாம். பல் ஆடுவதற்குக் காரணம் எலும்பு கரைவது. சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்து பார்த்து, 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம் மிஞ்சியிருந்தால் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம். ஆழம் குறைந்த இடத்தில் கத்தி வைத்தால், பல்லைப் பிடித்திருக்கும் திசுவைத்தான் இழப்போம்.

ஈறை வெட்டிக் குறைத்தல்

வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபைன் போன்ற மருந்துகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். அந்தக் கூடுதல் சதையை வெட்டி எடுப்பது எளிய முறை. எலும்பில் குழி விழுந்திருந்தால் இது உதவாது.

ஃப்ளாப்

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைக் கீறி விலக்கி, வேரை நேரில் பார்த்துச் சுத்தம் செய்து, மீண்டும் தையல் போடுவது ஃப்ளாப் சிகிச்சை. ஆழமான பாக்கெட்டுகளுக்கும், வேர் பிரியும் கடைவாய்ப் பற்களுக்கும் இது கைகொடுக்கும். தேவைப்பட்டால் மேடுபள்ளமான எலும்பைச் சீராக்கி, ஈறைச் சற்று வேர்ப் பக்கமாக நகர்த்தித் தைப்பார்கள். பாக்கெட் நன்றாகக் குறையும். ஆனால் வேர் வெளியே தெரியும், பல் கூசும். முன்பற்களில் இதை யோசித்தே செய்ய வேண்டும்.

எலும்பை மீட்டல்

எலும்புத்தூள், சவ்வு, எனாமல் புரத ஜெல் ஆகியவற்றால் இழந்த எலும்பில் ஒரு பகுதியை மீட்க முடியும். எல்லா இடத்திலும் அல்ல. சுற்றுச்சுவர் நிற்கும் குழியில் போட்ட மண் தங்கும். சுவரே இல்லாத மேட்டில் போட்டால் சரிந்துவிடும். எலும்பும் அப்படித்தான். குறுகிய, ஆழமான குழிகளில் பலன் நன்றாக இருக்கும். எலும்பு மட்டமாகத் தேய்ந்திருந்தால், எவ்வளவு செலவழித்தாலும் பழைய உயரத்துக்கு வளர்வதை எதிர்பார்க்க முடியாது.

லேசர்

ரத்தக்கசிவு குறைவு, தையல் தேவைப்படாமலும் போகலாம் என்பவை லேசரின் வசதிகள். வழக்கமான சிகிச்சையைவிட நீண்டகாலத்தில் இது மேலானது என்பது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை.

ஐந்து முறைகள், ஒரே பாடம்

ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் ஐந்து அறுவை முறைகளை ஒப்பிட்டு, 1976-லும் 1977-லும் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பல் சிகிச்சை நிபுணர்களிடம் பற்களைச் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கு ஐந்து முறைகளும் இரண்டு ஆண்டுகள் பலன் தந்தன. படலம் சேர விட்டவர்களுக்கோ ஐந்துமே தோற்றன. நோய் மேலும் முற்றியது. கத்தி பாக்கெட்டைக் குறைக்கும். அதை நிலைக்க வைப்பது பராமரிப்பு.

முடிவெடுக்கும் முன்

எந்தப் பல்லில் எத்தனை மி.மீ. ஆழம், எக்ஸ்ரேயில் எலும்பு எப்படி இருக்கிறது, ஏன் இந்த முறை என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை நோயைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புகைபிடித்தால் புண் ஆறுவது தாமதமாகும், பலனும் குறையும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. அறுவைக்குப் பின் தினமும் பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்து, 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்லுங்கள். ஈறில் ரத்தம் கசியும்போதே மருத்துவரைப் பார்த்துவிட்டால், பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படாது.