குருதி சொல்வதும் சொல்லாததும்

காஞ்சிபுரத்தில் பட்டுநூல் தறியேறுவதற்கு முன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைக்கப்படுகிறது. பட்டுப்புழு உமிழும் இழையில் இரண்டு புரதங்கள் உள்ளன. உள்ளிருப்பது ஃபைப்ராயின், அதன்மேல் பசைபோல் படிந்திருப்பது செரிசின். கொதிநீரில் செரிசின் கரைந்துவிடும். நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். எஞ்சிய ஃபைப்ராயினே பட்டுக்குப் பளபளப்பைத் தருகிறது. புரதம் என்ற சொல் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் இயல்பைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தவர்கள் பட்டுத்தொழில் செய்தோர்.

தறியில் அமர்ந்திருக்கும் அந்த நெசவாளரின் குருதியிலும் ஒரு புரதம் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் அல்புமின். வெண்மை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. முட்டையின் வெண்கருவில் உள்ள புரதத்துக்கும் இதையொத்த பெயர் உண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

அல்புமின் 585 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி. கல்லீரல் இதனை நாள்தோறும் 10 முதல் 15 கிராம் வரை உருவாக்குகிறது. குருதித் திரவத்தில் கரைந்துள்ள புரதங்களுள் பாதிக்கும் மேற்பட்டது இதுவே. நலமாக உள்ள பெரியவர் ஒருவரின் குருதித் திரவத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5 கிராம் வரை அல்புமின் இருக்கும். நீரைக் குருதிக்குழாய்களுக்குள் இழுத்து வைத்துக்கொள்வது இதன் முதற்பணி. இப்புரதம் மிகவும் குறைந்துபோனால் நீர் வெளியே கசிந்து திசுக்களில் தங்கும், கால்கள் வீங்கும். இரண்டாம் பணி சுமை தூக்குவது. நீரில் எளிதில் கரையாத கொழுப்பமிலங்கள், பிலிருபின், பல்வகை மருந்துகள் ஆகியவற்றைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு உடலெங்கும் இது பயணம் செய்கிறது. செரடோனின் என்னும் மூளைவேதிப்பொருளுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபேனும் குருதியில் பெரும்பாலும் அல்புமினைப் பற்றிக்கொண்டே செல்கிறது. உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிஜனேற்றப் பொருள்களைத் தணிப்பதிலும் இதற்குப் பங்குண்டு.

இத்தகைய புரதத்துக்கும் மனத்துக்கும் என்ன தொடர்பு?

அழுத்தமும் உடலும்

உடல் எத்தகைய நெருக்கடியைச் சந்தித்தாலும் பொதுவான ஒரு முறையில் எதிர்வினை புரிகிறது என்பதை 1936ஆம் ஆண்டு ஹான்ஸ் செல்யே எழுதினார். அந்த எதிர்வினையைக் குறிக்கும் சொல்லே தமிழில் இன்று ‘மன அழுத்தம்’ என வழங்குகிறது. அதே சொல் நாளிதழ்களில் மனச்சோர்வு என்னும் நோயையும் குறிக்கப் பயன்படுகிறது. இது குழப்பத்துக்கு இடமளிக்கும் வழக்கு. அழுத்தம் என்பது எல்லார் வாழ்விலும் வந்துபோவது. மனச்சோர்வு என்பது வாரக்கணக்கில் நீடித்து உறக்கம், பசி, ஆர்வம் ஆகியவற்றைக் குலைக்கும் நோய். முன்னது நெடுநாள் நீடித்தால் பின்னதற்கு வழிவிடக்கூடும். அதனால் இரண்டும் ஒன்றாகிவிடா.

கைத்தறி நெசவில் அழுத்தத்துக்குக் குறைவில்லை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலையை நெய்ய ஒருவர் போதாது. கூடவே மற்றொருவர் அமர வேண்டும். ஒரு சேலை முடியப் பல நாள்கள் ஆகும். அது முடிந்தால்தான் கூலி. பாவு வரத் தாமதமானாலும், மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் ஊறினாலும் வேலை நிற்கும். வீட்டுச் செலவோ நிற்பதில்லை. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பின்னும் விசைத்தறியின் போட்டி ஓயவில்லை.

குறுகிய நேர அழுத்தத்தின்போது அல்புமினுக்கு நேர்வது எதிர்பாராத ஒன்று. திடீர்க் கலக்கத்தில் அட்ரினலின் பெருகிக் குருதியழுத்தம் உயர்கிறது. நுண்குழாய்களிலிருந்து நீர் சற்றே வெளியேறுகிறது. புரதம் உள்ளேயே தங்குவதால் அல்புமினின் செறிவு சிறிது கூடுகிறது. புதிதாக அல்புமின் உருவானதன்று. நீர் குறைந்ததால் வந்த தோற்றமே இது. சற்று ஓய்ந்ததும் பழைய நிலை திரும்பும்.

நீடித்த நோயில் நிலைமை தலைகீழாகிறது. பெல்ஜியத்தில் மைக்கேல் மேஸ் என்னும் மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் 1990களில் கடுமையான மனச்சோர்வு கொண்டோரின் குருதியை ஆராய்ந்தபோது, நலமானவர்களைவிட அவர்களிடம் அல்புமின் சராசரியாகக் குறைந்திருக்கக் கண்டனர். உடலில் எங்கேனும் அழற்சி ஏற்படும்போது நோயெதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன்கள் என்னும் செய்திப்பொருள்களைச் சுரக்கின்றன. அச்செய்தி கல்லீரலை எட்டியதும் அது தன் வேலைத்திட்டத்தை மாற்றிக்கொள்கிறது. தொற்றை எதிர்க்கும் புரதங்களைப் பெருக்கி, அல்புமின் உற்பத்தியைச் சுருக்குகிறது. மனச்சோர்வு கொண்டோர் சிலரிடம் மெல்லிய அழற்சி நீடித்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே அல்புமின் குறைவு, மனநோயின்போது உடலும் சேர்ந்து நோவதற்கான தடயங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

தடயம் தீர்ப்பாகாது

ஆய்வகத் தாளில் அல்புமின் சற்றுக் குறைந்திருப்பதைக் கண்டு ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்ட முடியுமா? முடியாது. கல்லீரல் நோய், சிறுநீரகத்தின் வழியே புரதம் ஒழுகுதல், காசநோய் போன்ற தொற்றுகள், போதிய உணவின்மை ஆகிய யாவும் அல்புமினைக் குறைக்கும். மனச்சோர்வில் பசி மங்குவதால் உணவு குறையும்; உணவு குறைந்தோர் பலருக்கு அழற்சியும் உடனிருக்கும். எது காரணம், எது விளைவு எனப் பிரித்தறிவது எளிதன்று. படுத்திருக்கும்போது எடுத்த குருதியைவிட, எழுந்து சிறிது நேரம் நின்றபின் எடுத்த குருதியில் அல்புமின் ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்ந்து காணப்படும்! ஆய்வுகள் கண்ட வேறுபாடுகளுள் பல, இத்தகைய அன்றாட ஏற்றத்தாழ்வின் அளவினவே. குழுக்களின் சராசரியை ஒப்பிடும்போது புலப்படும் உண்மை, தனியொருவரின் தாளில் புலப்படாது.

காலக்கணக்கு ஒன்றும் உண்டு. குருதியில் கலந்த அல்புமினில் பாதி அழிய ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகும். ஓர் இரவு உறங்காததாலோ ஒரு தேர்வைக் கண்டு அஞ்சியதாலோ அது குறைந்துவிடுவதில்லை.

அப்படியாயின் இவ்வாராய்ச்சியால் பயன் என்ன என்னும் வினா எழும். மனநோய் உடலைச் சாராதது என்னும் எண்ணம் எத்துணைக் கேடு விளைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். நோயுற்றோருக்காக வேண்டிக்கொள்வது தமிழர் வழக்கம். கோயில் நகரமாகிய காஞ்சியில் அத்தகைய வேண்டுதல்கள் அன்றாடம் நிகழ்வன. அது மருத்துவத்தோடு இணைந்து செல்லும்வரை தீங்கில்லை. மருத்துவத்துக்கு மாற்றாகும்போதே இடர் தொடங்குகிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். நோய் எனக் கருதப்பட்ட எவரையும் இவ்வாறு பிணைத்து வைக்க எவருக்கும் மனம் வந்திராது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வெளிப்படையாகவே விதித்துள்ளது.

மனநலத்தைக் கண்டறியும் முதன்மைக் கருவி இன்றும் உரையாடலே. எத்தனை நாள்களாக உறக்கமில்லை, எதில் ஆர்வம் போயிற்று, வாழ்வதில் சலிப்புண்டா என மருத்துவர் பொறுமையாகக் கேட்கிறார். குருதிச் சோதனை, தைராய்டு குறைவு, குருதிச்சோகை போன்ற பிற காரணங்களை விலக்கவே முதலில் உதவுகிறது. 14416 என்னும் எண்ணில் அழைத்தால் ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் மனநல ஆலோசனைச் சேவையில் கட்டணமின்றிப் பேசலாம். 2022 அக்டோபர் முதல் அது இயங்கிவருகிறது.

மருத்துவம் தொடங்கியபின் அல்புமின் வேறொரு வகையில் முக்கியமாகிறது. மனநிலை ஏற்றத்தாழ்வுக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் என்னும் மருந்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அல்புமினோடு பிணைந்தே குருதியில் செல்கிறது. பிணையாமல் எஞ்சும் சிறுபகுதியே மூளைக்குச் சென்று வேலை செய்வது. அல்புமின் குறைந்தவரிடம் அந்தப் பகுதி பெருகிவிடும். மொத்த மருந்தின் அளவு சோதனையில் சரியாகத் தோன்றினும் நோயாளிக்குத் தள்ளாட்டமும் மிகுதியான உறக்கமும் வரக்கூடும். ஆகவே உடல் மெலிந்தோர், கல்லீரல் நலிந்தோர் ஆகியோர்க்கு இம்மருந்தைத் தருமுன் மருத்துவர் அல்புமின் அளவைக் கேட்டறிகிறார். அதே நோய்க்குத் தரப்படும் லித்தியம் அல்புமினோடு பிணைவதே இல்லை; அதற்குச் சிறுநீரகத்தின் நலத்தையே பார்க்க வேண்டும்.