குத்தா, பிடியா? கூண்டுக்குள் வெல்வது எது?

குத்துச்சண்டை வீரரும் மல்யுத்த வீரரும் ஒரே கூண்டுக்குள் மோதினால் வெல்பவர் யார் என்ற கேள்விக்கு, எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலையின் முப்பது ஆண்டுகால வரலாறு தெளிவாகவே விடை சொல்கிறது. குத்த மட்டும் தெரிந்தவர், பிடித்து விழுத்தத் தெரிந்தவரிடம் பெரும்பாலும் தோற்றிருக்கிறார். விழாமல் நிற்கவும், விழுந்தால் எழும்பவும் பழகிய குத்துச்சண்டை வீரர் அதே மல்லரை வென்றும் இருக்கிறார். சண்டை நின்றபடி நடக்குமா, நிலத்தில் நடக்குமா என்பதைத் தீர்மானிப்பவர் பக்கமே வெற்றி சாய்கிறது.

விதிகள் யாருக்குச் சாதகம்?

எம்.எம்.ஏ.யில் குத்து, உதை, முழங்கை அடி, முழங்கால் அடி, பிடி, எறி, கழுத்து நெரிப்பு, மூட்டு முறுக்கு எல்லாவற்றுக்கும் இடமுண்டு. சாதாரணப் போட்டி ஐந்து நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகள். சம்பியன் பட்டத்துக்கான போட்டி ஐந்து சுற்றுகள். கையுறையின் எடை 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 113 கிராம். பிடிப்பதற்கு வசதியாக விரல்கள் திறந்திருக்கும். தொழில்முறைக் குத்துச்சண்டையில் அணிவது 8 அல்லது 10 அவுன்ஸ் கையுறை.

சிறிய கையுறையால் குத்துச்சண்டை வீரருக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. குத்து கூடுதலாக உறைக்கும். ஆனால், பெரிய கையுறைகளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே உதவாது. குனிந்து குத்தைத் தவிர்க்கும் உத்தியும் ஆபத்தானது. தாழ்ந்து வரும் தலையை முழங்கால் அடியோ கழுத்துப் பிடியோ எதிர்கொள்ளும்.

இதைவிடப் பெரிய வேறுபாடு, கட்டிப்பிடித்தல் பற்றிய விதியில் இருக்கிறது. குத்துச்சண்டையில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டால் மத்தியஸ்தர் பிரித்துவிடுவார். எம்.எம்.ஏ.யில் மல்லரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. குத்தின் வலு கையில் மட்டும் இல்லை. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளூடாக வருவது. அதற்கு நிலையான காலும் ஒரு கை நீளத் தூரமும் வேண்டும். மல்லர் உள்ளே புகுந்து இடுப்பையோ காலையோ பற்றியதும் இரண்டும் போய்விடுகின்றன. கபடியில் பாடி வருபவரின் தொடையைப் பிடித்துத் தூக்கும் காட்சியை யாழ்ப்பாணக் குடாநாட்டு மைதானங்களில் பார்த்தவர்களுக்கு ஒற்றைக்கால் பிடியின் தன்மை உடனே விளங்கும். ஒரு கால் நிலத்தை விட்டால் எவ்வளவு பலசாலிக்கும் எதிர்த்து நிற்பது கடினம். குத்துச்சண்டை வீரர் முன்காலில் பாரத்தை வைத்து நிற்கப் பழகியவர் என்பதால் அந்தக் காலே எதிராளிக்கு முதல் இலக்காகிறது.

பழைய மோதல்கள்

மற்போரில் உடலைப் பூட்டி வெல்லும் காட்சியைச் சங்க இலக்கியத்திலேயே காணலாம். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் பாடிய புறநானூற்றுப் பாடல்கள் சொல்கின்றன. ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் உடலை வளைத்து வென்றான் என்பதே அங்குள்ள சித்திரம். கிரேக்கத்தில் குத்தையும் பிடியையும் கலந்த பங்க்ராத்தியன் கி.மு. 648 இல் ஒலிம்பிக் போட்டிகளில் சேர்க்கப்பட்டது.

நவீன காலத்தில் முதலில் பேசப்பட்ட மோதல்களில் ஒன்று, 1963 டிசம்பரில் அமெரிக்காவின் சோல்ட் லேக் சிற்றியில் நடந்தது. யூடோவிலும் மல்யுத்தத்திலும் தேர்ந்த ஜீன் லெபெல், குத்துச்சண்டை வீரர் மைலோ சாவேஜை நான்காவது சுற்றில் கழுத்தை நெரித்து வென்றார்.

1976 யூன் 26 அன்று டோக்கியோவில் முகம்மது அலியும் ஜப்பானிய மல்லர் அன்டோனியோ இனோக்கியும் மோதிய போட்டிக்கு மத்தியஸ்தராக நின்றவரும் இதே லெபெல்தான். பதினைந்து சுற்றுகளிலும் இனோக்கி பெரும்பாலும் நிலத்தில் கிடந்தபடியே அலியின் கால்களை உதைத்துக்கொண்டிருந்தார். அலியால் ஒரு சில குத்துகளே வீச முடிந்தது. போட்டி சமநிலையில் முடிந்தது. அலியின் கால்கள் வீங்கி, அவர் வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தது. நிற்க மறுக்கும் எதிராளியிடம் உலகின் மிகச் சிறந்த குத்துக்கும் வேலை இல்லை என்பதை அந்தப் போட்டி காட்டியது.

1993 நவம்பர் 12 அன்று டென்வர் நகரில், யு.எவ்.சி. எனும் எம்.எம்.ஏ. போட்டி நிறுவனத்தின் முதலாவது போட்டித்தொடர் நடைபெற்றது. குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் குத்துச்சண்டைக் கையுறை அணிந்து இறங்கினார். பிரேசிலிய ஜியு-ஜிட்சு வீரர் றோய்ஸ் கிரேசி அவரை விழுத்தி மேலே ஏறியதும், இரண்டரை நிமிடம் ஆகுமுன்னரே ஜிம்மர்சன் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2010 ஓகஸ்டில் பொஸ்டனில், குத்துச்சண்டையில் மூன்று எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற ஜேம்ஸ் டோனி, மல்யுத்தப் பின்னணி கொண்ட ரண்டி கூற்றூரைச் சந்தித்தார். கூற்றூருக்கு வயது 47. தொடங்கிய சற்று நேரத்திலேயே அவர் தாழ்ந்து சென்று டோனியின் காலைப் பற்றி விழுத்தினார். 3 நிமிடம் 19 செக்கனில் போட்டி அவருக்கு வெற்றியாக முடிந்தது.

குத்து வென்ற நாட்கள்

ஆனாலும், ஒவ்வொரு சுற்றும் நின்றபடியே தொடங்குகிறது. பிடி விழும் வரையிலான அந்த நேரம் குத்துபவருக்கு உரியது. 2009 யூனில், 1988 சியோல் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் தங்கம் வென்ற ரே மேர்சர், யு.எவ்.சி.யின் முன்னாள் சம்பியன் ரிம் சில்வியாவை ஒன்பதே செக்கனில் வீழ்த்தினார். சில்வியா காலைப் பிடிக்க முயலவில்லை. ஓர் உதையுடன் நின்று மோதப்போனார். குத்துச்சண்டை வீரருக்கு அதைவிட வசதியான எதிராளி இல்லை.

பிடிக்கத் தெரிந்தவரையே குத்தால் வென்றதற்கு ஹொலி ஹோம் எடுத்துக்காட்டு. குத்துச்சண்டையில் உலகப் பட்டங்கள் பெற்ற அவர், 2015 நவம்பரில் மெல்பேர்னில் ரொண்டா ரௌசியை இரண்டாவது சுற்றில் வென்றார். ரௌசி 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் யூடோவில் வெண்கலம் பெற்றவர். எம்.எம்.ஏ.யில் அதுவரை தோல்வி காணாதவர். ஹோம் ஓரிடத்தில் நிற்காமல் வட்டமிட்டு, பாய்ந்து வந்த ரௌசியை இடக்கைக் குத்துகளால் மறித்து, இறுதியில் கழுத்துப் பக்கமாக ஓர் உதையால் முடித்தார். முடித்தது உதை என்றாலும், அதற்கு வழி திறந்தது குத்தும் கால்நகர்வும்.

குத்துச்சண்டையில் இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற கிளரெஸா ஷீல்ட்ஸின் கதை இன்னும் பெரிய பாடம். 2021 யூனில் நடந்த தன் முதலாவது எம்.எம்.ஏ. போட்டியில் அவர் பிரிட்னி எல்கினிடம் விழுந்து, அடியில் அகப்பட்டார். ஆனாலும் தாக்குப்பிடித்து எழுந்து, மூன்றாவது சுற்றில் குத்துகளால் வென்றார். அதே ஆண்டு ஒக்டோபரில் அபிகெய்ல் மொன்டெஸ் அவரை மீண்டும் மீண்டும் விழுத்தி, நடுவர்களின் பிளவுபட்ட தீர்ப்பில் வென்றார். ஒரே வீராங்கனை, எழும்ப முடிந்த நாளில் வெற்றி, முடியாத நாளில் தோல்வி.

மல்லருக்கும் இதே கணக்குத்தான். பொதுநலவாய மல்யுத்தத் தொடரில் தங்கம் வென்ற இந்தியாவின் ரித்து போகாட், 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் தாய்லாந்தின் ஸ்ராம்ப் ஃபெயார்ரெக்ஸைச் சந்தித்தார். ஸ்ராம்ப், குத்தும் உதையும் கலந்த தாய்லாந்துக் கலையான முவே தாய் வழியாக வந்தவர். ரித்து அவரை விழுத்தவும் செய்தார். ஆனால் கீழே கிடந்த ஸ்ராம்ப் இரண்டாவது சுற்றில் ரித்துவின் கையைப் பூட்டி வென்றார். விழுத்துவதுடன் வேலை முடிவதில்லை.

கற்க வேண்டியவை

குத்துச்சண்டை வீரர் முதலில் கற்க வேண்டியது, பிடிக்க வருபவரின் தோள்மேல் பாரத்தைப் போட்டு, இரு கால்களையும் பின்னோக்கி எறிந்து இடுப்பைத் தாழ்த்தும் தடுப்பு. அடுத்து, கூண்டின் கம்பியில் முதுகு சாய்ந்து அகப்படாமல் நடுவில் நிற்பது. மூன்றாவது, விழுந்ததும் முதுகு காட்டாமல் எழும்புவது. இவற்றைக் கற்பது குத்தக் கற்பதைவிட இலகுவானதல்ல. மல்லர் சிறுவயது முதல் ஆயிரக்கணக்கான தடவை செய்து பழகிய பிடியை, ஓராண்டுப் பயிற்சியுடன் வருபவர் தடுப்பது அரிது. மாறாக, மல்லர் குத்தில் வல்லவராக வேண்டியதில்லை. உள்ளே புகும்வரை அடிபடாமல் இருக்கும் அளவுக்குத் தெரிந்தாலே அவருக்குப் போதும். இந்தச் சமமின்மைதான் கணக்கு மல்லர் பக்கம் சாய்வதற்கு முக்கிய காரணம்.

விதி மாறினால் கணக்கும் மாறும். பிடிக்கு இடமில்லாத குத்துச்சண்டை வளையத்தில், யு.எவ்.சி.யின் முன்னாள் சம்பியன் பிரான்சிஸ் நகானு 2023 ஒக்டோபரில் குத்துச்சண்டைச் சம்பியன் ரைசன் பியூரியை ஒருமுறை நிலத்தில் வீழ்த்தியபோதும் புள்ளிகளில் தோற்றார். 2024 மார்ச்சில் முன்னாள் குத்துச்சண்டைச் சம்பியன் அந்தனி ஜோசுவாவிடம் இரண்டாவது சுற்றிலேயே வீழ்ந்தார்.

சிலம்படி, சீனடி ஆகிய மரபுத் தற்காப்புக் கலைகளை அறிந்த ஈழத்து மண்ணில், இன்று குத்துச்சண்டை, மல்யுத்தம், யூடோ, கராத்தே, கபடி ஆகியவை தனித்தனி விளையாட்டுகளாகவே பழகப்படுகின்றன. தேசிய விளையாட்டு விழாவிலும் அவை தனித்தனிப் போட்டிகள். குத்து, உதை, எறி மூன்றையும் ஒன்றாக அனுமதிக்கும் வூஷூ சண்டாவிலும் நிலத்துச் சண்டை இல்லை. ஆகவே, எம்.எம்.ஏ.யை நாடும் யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் குத்துச்சண்டையில் தேர்ந்தவராயின், தன் பயிற்சி நேரத்தில் கணிசமான பங்கை மல்யுத்தத்துக்கும் யூடோவுக்கும் ஒதுக்க வேண்டியிருக்கும். கபடியில் காலைக் காத்துப் பழகியவருக்கு அந்தப் பங்கு சற்று இலகுவாக அமையும்.